ஒரே குளிசை, ஆளுக்கு ஓர் அளவு

சுகாதாரப் பாடம்



தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் நம் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வீடு வருவார்கள். வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடையில் நிற்பவரும் வருவார், கொட்டாஞ்சேனையில் துணிக்கடையில் நிற்பவரும் வருவார். கோட்டையில் ரயில் ஏறி, ஹட்டனிலோ பதுளையிலோ இறங்கி, பையைச் சுமந்துகொண்டு லயத்துக்கு ஏறி வருவார்கள். பைக்குள் அம்மாவுக்குச் சேலை இருக்கும், தங்கச்சிக்குச் சட்டை இருக்கும். சில வேளை அடியில் ஒரு கடதாசிப் பொட்டலமும் இருக்கும். அதற்குள் சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகள்.

"கொழும்பு டொக்டர் குடுத்தது. ரெண்டே நாள்ல இழுப்பு நின்னுருச்சி. மிச்சம் இருக்கு, பாட்டி முழங்காலுக்குப் போட்டுப் பாக்கட்டும்" என்று பிள்ளை பாசத்தோடு எடுத்துக் கொடுக்கும்.

பாசத்தில் குறையில்லை. ஆனால் அந்தக் குளிசை பிரெட்னிசோலோன் என்றால், அதை இப்படிக் கைமாற்றவே கூடாது. ஏன் கூடாது, ஒரே குளிசையை வைத்தியர்கள் ஒருவருக்கு எட்டு, இன்னொருவருக்கு ஒன்று என்று எப்படிப் பிரித்து எழுதுகிறார்கள் என்பதே இந்த இதழின் பாடம்.

பாடத்துக்காக ஒரு குடும்பத்தை நாங்களே கற்பனையில் அமைத்திருக்கிறோம். வெள்ளவத்தையில் வேலை செய்யும் மூத்த மகன், கொட்டாஞ்சேனையில் வேலை செய்யும் மகள், லயத்தில் பாட்டி, ஐந்து வயதுச் சின்னவன், வயிற்றில் பிள்ளையோடு மருமகள். ஐந்து பேருக்கும் ஒரே இனத்து மருந்துதான். அளவு மட்டும் ஐந்து விதம்.

இது என்ன மருந்து?

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்ததுபோல ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அதிரீனல் சுரப்பி என்பது அதன் பெயர். அது தினமும் கோர்ட்டிசோல் என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. உடம்பில் சீனி, உப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருக்கவும், காய்ச்சல் காயம் வரும்போது உடம்பு தாங்கவும் அது வேண்டும். விடியற்காலையில் அதிகமாகச் சுரக்கும், நடு இரவில் மிகவும் குறைந்துவிடும்.

இந்த இனத்துப் பொருளை மருந்தாக்கியதைத்தான் கோர்ட்டிகோ ஸ்டீரோயிட் என்கிறார்கள். பந்தயக்காரர்கள் உடம்பு முறுக்கேற்றப் போடும் ஸ்டீரோயிட் வேறு, இது வேறு. பிரெட்னிசோலோன் குளிசை, ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி, டெக்சாமெதசோன், இழுப்புக்கு உறிஞ்சும் பெக்லோமெதசோன் பம்ப், தோலுக்குப் பூசும் பெட்டாமெதசோன் கிரீம் எல்லாம் இந்தக் குடும்பம்.

1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டுவாதத்தால் படுக்கையில் புரளவும் முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு இந்த மருந்தை முதன்முதலாக ஊசியில் ஏற்றினார். நாளுக்கு 100 மில்லிகிராம். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கே போய் வந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரண்டு இரசாயன அறிஞர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நாள் போகப்போக அதே மருந்தின் மறுபக்கமும் தெரிந்தது. பெரிய அளவில் தொடர்ந்து கொடுத்தால் முகம் உப்பியது, மனம் குழம்பியது, எலும்பு பலமிழந்தது. நிறுத்தினால் நோய் திரும்பி வந்தது. யாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதுதான் இந்த மருந்தின் முழு வித்தை என்பதை வைத்தியர்கள் அன்று தொட்டே படித்து வருகிறார்கள்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். நம் உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அதாவது ஒரே ஒரு சின்னக் குளிசை.

மூத்தவன்: பெரிய அளவு, சில நாள்

வெள்ளவத்தையில் மூத்தவனுக்கு இரவில் இழுப்பு வந்தது. சாப்பாட்டுக் கடைப் புகை, தூசி, அதோடு தடிமன். மூச்சுக் குழாய் உள்ளே வீங்கிச் சுருங்கிவிட்டது. வைத்தியர் முதலில் மூச்சை இலகுவாக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு நாளுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே தடவையில், ஐந்து நாளைக்கு என்று எழுதினார். 5 மில்லிகிராம் குளிசை என்றால் நாளுக்கு எட்டு.

எட்டா என்று பயப்பட வேண்டாம். வளர்ந்தவருக்கு வரும் கடும் இழுப்புக்கு 40 முதல் 50 மில்லிகிராம் வரை, ஐந்து முதல் ஏழு நாள் என்பது உலகெங்கும் பின்பற்றும் முறை. தீப்பிடித்த வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதாது. இங்கே வீக்கத்தை உடனே அடக்க வேண்டும். நாள் குறைவு என்பதால் கடைசியில் படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தவும் பெரும்பாலும் முடியும்.

ஆனால் மூத்தவன் இரண்டு நாள் போட்டான், சுகமாயிற்று, விட்டுவிட்டான். நாற்பது குளிசையில் பதினாறு போக இருபத்துநான்கு மிச்சம். அதுதான் பையில் வந்தது. இதில் இரண்டு பிழை. உள்ளே வீக்கம் முழுதாக வற்றுமுன் விட்டால் இழுப்பு திரும்பி வரலாம். மிச்சக் குளிசையை அடுத்த இழுப்புக்குத் தானாகவே எடுத்துப் போடுவது இரண்டாவது பிழை. ஐந்து நாளில் 200 மில்லிகிராம் உடம்பில் சேருகிறது. வருடா வருடம் இப்படித் திரும்பத் திரும்பப் போட்டால் எல்லாம் கூட்டுத்தொகையாகி எலும்பையும் கண்ணையும் சீனியையும் தாக்கும்.

அடிக்கடி இழுப்பு வருகிறவருக்கு வைத்தியர் பம்ப் எழுதுவது இதனால்தான். ஒரு தடவை உறிஞ்சும்போது 200 மைக்ரோகிராம் வரும் பம்ப் ஒன்றை எடுங்கள். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம். இருநூறு தடவை உறிஞ்சி பம்ப் முழுவதும் தீர்ந்தாலும் மொத்தம் 40 மில்லிகிராம்தான். மூத்தவன் ஒரே நாளில் விழுங்கிய எட்டுக் குளிசையின் எடை அது. இரண்டும் வெவ்வேறு மருந்து, எடையை மட்டும்தான் ஒப்பிடுகிறோம். பம்ப் மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் கொஞ்சமே போதும். "பம்ப் பழகிப்போயிரும், குளிசைதான் நல்லது" என்று லயத்தில் சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. உறிஞ்சிய பின் வாயைக் கொப்பளித்துத் துப்ப மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும்.

சின்னவன்: நிறையும் சிறுநீர்க் கொப்பியும்

சின்னவனுக்கு ஒரு நாள் காலையில் கண் இமை வீங்கியிருந்தது. பிறகு காலும் வயிறும் வீங்கின. சிறுநீர் நுரைத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, சிறுநீரகத்தின் வழியே உடம்பின் புரதம் வெளியே போகிறது, நெப்ரோட்டிக் நோய் என்றார்கள்.

பிள்ளைகளுக்கு இந்த நோய் முதல் தடவை வரும்போது, ஒரு கிலோ நிறைக்கு 2 மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்து, நாளுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், நான்கு முதல் ஆறு வாரம் தினமும் கொடுப்பார்கள். சின்னவனின் நிறை 15 கிலோ. அப்படியானால் 30 மில்லிகிராம், ஆறு குளிசை. பிறகு அளவைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பார்கள். இடையில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் பிள்ளையின் வளர்ச்சி கெடுவது குறையும். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் உயரத்தையும் நிறையையும் அளப்பது சும்மா இல்லை. நிறை மாறினால் அளவும் மாற வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. காலையில் சிறுநீரைச் சோதித்துக் கொப்பியில் எழுதச் சொல்லுவார்கள். மூன்று நாள் தொடர்ந்து புரதம் இல்லையென்றால் நோய் அடங்கிவிட்டது. மூன்று நாள் தொடர்ந்து நிறையப் போனால் நோய் திரும்பிவிட்டது. எழுத்துத் தெரிந்த அக்காவோ அண்ணனோ எழுதினாலும் போதும். வைத்தியர் அளவை மாற்றுவது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான்.

இந்த நோயில் நம் மலைநாட்டிலேயே நடந்த ஒரு நல்ல ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். தடிமன் காய்ச்சல் வந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு நோய் திரும்புவது வழக்கம். பேராதனையில் பேராசிரியர் அசிரி அபேகுணவர்தனவும் அவருடன் சேர்ந்தவர்களும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிசை போடும் பிள்ளைகளுக்குத் தடிமன் வந்தவுடன் அதே அளவை ஏழு நாள் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவது குறைந்தது. 2008இல் அதை வெளியிட்டார்கள். ஆனால் பிரித்தானியாவில் இதே மாதிரி எண்ணத்தோடு, முறையைக் கொஞ்சம் மாற்றிச் செய்த பெரிய ஆராய்ச்சி 2022இல் சஞ்சிகையில் வந்தபோது, அங்குள்ள பிள்ளைகளுக்கு அப்படிக் கூட்டியதால் பலன் தெரியவில்லை. பிள்ளைகள் வேறு, முன்பு எடுத்த மருந்துகள் வேறு, கொடுத்த அளவும் வேறு. ஓர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பார்த்த கணக்கை இன்னோர் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படியே போட முடியாது. அப்படியிருக்க, பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் அளவை நம் பிள்ளைக்குப் போடலாமா?

பாட்டி: சின்ன அளவு, நீண்ட காலம்

பாட்டிக்கு மூட்டுவாதம். விரல்கள் மடங்கிவிட்டன, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் கை விறைப்பு. கிளினிக்கில் வேறு மருந்துகளோடு நாளுக்கு ஒரே ஒரு பிரெட்னிசோலோன், 5 மில்லிகிராம், கொடுக்கிறார்கள். பாட்டியின் நிறை 50 கிலோ.

"என்னாங்க டொக்டரையா, பதினஞ்சி கிலோப் புள்ளைக்கு ஆறு, எனக்கு ஒண்ணா?" என்று பாட்டி கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிறை மட்டும் அளவைத் தீர்மானிப்பதில்லை. என்ன நோய், எவ்வளவு கடுமை, எத்தனை காலம் கொடுக்க வேண்டும் என்பவைதான் முதலில். சின்னவனின் நோயை உடனே அடக்க வேண்டும். பாட்டியின் நோயோ வருடக் கணக்கில் கூடவே இருப்பது. ஆகவே வலியைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைக்கும் மிகச் சின்ன அளவை வைத்தியர் தேடிப் பிடிக்கிறார். பாட்டி மூத்தவனின் பொட்டலத்திலிருந்து எட்டு எட்டாகப் போட்டால் முழங்கால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சீனி ஏறும், பிரஷர் ஏறும், வயிறு புண்ணாகும், வயதான எலும்பு சிறு விழுகைக்கே முறியும். தோட்டத்துப் படியில் வழுக்கி விழுவது பெரிய காரியமா?

இன்னொரு பக்கம் பாருங்கள். "மருந்தும் விருந்தும் மூன்று நாள்" என்று ஒரு பழமொழி இருக்கிறதல்லவா. அதை நம்பிப் பாட்டி ஒரு நாள் குளிசையைச் சட்டென்று விட்டுவிட்டால் என்ன நடக்கும்?

காலைப் பிரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதிரீனல் சுரப்பிதான் தோட்டத்தில் பதிந்த தொழிலாளி. மூளையின் அடியில் இருக்கும் கபச் சுரப்பிதான் பேர் கூப்பிடும் கங்காணி. குளிசை வெளியிலிருந்து வந்த கைக்காசு ஆள். வெளி ஆள் தினமும் வந்து வேலை முழுவதையும் முடித்துவிட்டால், கங்காணி பதிந்த தொழிலாளியைக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இப்படிப் போனால் தொழிலாளி சோர்ந்து தூங்கிவிடுவார். ஒரு நாள் வெளி ஆள் திடீரென்று வராவிட்டால் மலையில் வேலை செய்ய யாருமில்லை. உடம்பில் அப்படி நடந்தால் கடும் களைப்பு, தலைச்சுற்று, வாந்தி, வயிற்றுவலி வரும். பிரஷர் விழுந்து மயக்கம் வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். பாட்டியின் ஒற்றைக் குளிசை உடம்பின் ஒரு நாள் சுரப்புக்குச் சமம் என்று முன்பு சொன்னோம். ஆகவே ஒன்றுதானே என்று அலட்சியம் வேண்டாம்.

இதனால்தான் வைத்தியர் படிப்படியாகக் குறைக்கிறார். பெரிய அளவிலிருந்து 7.5 மில்லிகிராம் வரை கொஞ்சம் வேகமாக இறக்கலாம். அதற்குக் கீழே 1 மில்லிகிராம் குளிசைகளை வைத்து, ஐந்து, நான்கு, மூன்று என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாகத்தான் இறக்குவார்கள். தூங்கிய சுரப்பி எழும்ப அவ்வளவு நாளாகும். சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். குறைக்கும்போது மூட்டுவலி மீண்டும் தலைகாட்டினால் முந்திய படிக்கே திரும்புவார்கள். அடுத்த கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

பாட்டியின் அளவைத் தீர்மானிக்கும்போது வைத்தியர் கேட்கும் வேறு கேள்விகளும் உண்டு.

முன்பு டி.பி. என்கிற காசநோய் இருந்ததா, வீட்டில் யாருக்கும் இருக்கிறதா என்று கேட்பார். ஸ்டீரோயிட் உடம்பின் காவலைத் தளர்த்துவதால், உறங்கிக் கிடந்த காசநோய் எழும்பலாம். காசநோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் இன்னொரு சிக்கல். சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து, ஈரலை வேகமாக வேலை செய்யவைத்துப் பிரெட்னிசோலோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். அப்போது அதே குளிசை பாதிப் பலன்தான் தரும். வைத்தியர் அளவைக் கூட்ட வேண்டிவரும். காசநோய் மருந்து முடிந்த பின் மறுபடி குறைக்கவும் வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், கார்பமாசெபின் குளிசைகளும் இப்படியே செய்யும். ஆகவே மார்பு கிளினிக் கொப்பியையும் மூட்டு கிளினிக் கொப்பியையும் இரண்டு டொக்டரும் பார்க்க வேண்டும்.

செருப்பில்லாமல் மலையில் நடப்பீர்களா என்றும் கேட்கலாம். சிரிக்க வேண்டாம். ஈர மண்ணிலிருந்து பாதத் தோல் வழியே உடம்புக்குள் போகும் ஸ்ட்ரொங்கிலொயிட்ஸ் என்ற சின்னப் புழு ஒன்று உண்டு. வருடக்கணக்கில் குடலில் சத்தமில்லாமல் கிடக்கும். பெரிய அளவு ஸ்டீரோயிட் போனால் அது கட்டுமீறிப் பெருகி, உடம்பு முழுவதும் பரவி உயிரைக் கேட்கும். சந்தேகமிருந்தால் முதலில் புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள்.

சீனி வருத்தம், பிரஷர், கண்ணில் அழுத்தம், வயிற்றுப்புண் இருக்கிறதா, வலிக்கு வேறு என்ன குளிசை போடுகிறீர்கள் என்றும் கேட்பார். டைக்ளோஃபெனாக் போன்ற வலிக் குளிசையும் பிரெட்னிசோலோனும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும்.

நீண்ட காலம் குளிசை போடுபவருக்குக் கடும் காய்ச்சல் வந்தால், விபத்து நடந்தால், ஒப்பரேஷன் செய்ய வேண்டி வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். உடம்புக்கு அன்று வழக்கத்தை விட அதிகம் தேவை. வாந்தி எடுத்துக் குளிசை வயிற்றில் நிற்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வந்தவுடன் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "இவங்க ஸ்டீரோயிட் குளிசை போடுறவங்க."

மகள்: பூசுவதற்கும் அளவு உண்டு

கொட்டாஞ்சேனையில் மகளுக்குக் கையில் சொறி வந்தது. கிளினிக்கில் பெட்டாமெதசோன் கிரீம் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் ஆறியது. பிறகு கூட வேலை செய்யும் பிள்ளை, "முகத்துக்குப் பூசு, நிறம் வெளுக்கும்" என்று சொல்லிவிட்டது.

தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறிஞ்சாது. 1967இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முன்கையில் பூசினால் உள்ளே போகும் ஹைட்ரோகோர்ட்டிசோனை ஒன்று என்று வைத்தால், நெற்றியில் ஆறு மடங்கு போனது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான் போனது. கைக்குச் சரியான கிரீம் முகத்துக்குக் கடும் மருந்தாகிவிடும். தொடர்ந்து பூசினால் முகத்தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், விட்டவுடன் எரியும். பெயர் எழுதாத வெள்ளையாக்கும் கிரீம்களில் ஸ்டீரோயிட் கலந்திருக்கவும் கூடும்.

வைத்தியர் சொன்ன இடத்துக்கு எவ்வளவு பூசுவது? ஆள்காட்டி விரலின் கடைசிக் கோட்டிலிருந்து நுனிவரை ஒரு கோடாகக் கிரீமைப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். வளர்ந்தவரின் இரண்டு கையளவு இடத்துக்கு, விரல்களும் சேர்த்து, அது போதும்.

மருமகள்: எந்த ஸ்டீரோயிட் என்பதும் முக்கியம்

மருமகளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது என்று வைப்போம். குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் மூச்சுவிடத் தயாராக இருக்காது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிள்ளை பிறக்கும் போலிருந்தால் தாய்க்கு பெட்டாமெதசோன் 12 மில்லிகிராம் இரண்டு ஊசி, ஒரு நாள் இடைவெளியில் போடுவார்கள். அல்லது டெக்சாமெதசோன் 6 மில்லிகிராம் நான்கு ஊசி, 12 மணித்தியாலத்துக்கு ஒன்று. 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு வைத்தியர்கள் இதன் பலனைக் காட்டினார்கள்.

இதற்குப் பிரெட்னிசோலோன் உதவாது. நச்சுக்கொடி அதில் பெரும்பகுதியை வலுவிழக்கச் செய்துவிடும், பிள்ளைக்குக் கொஞ்சமே போகும். கர்ப்பிணித் தாய்க்கே இழுப்பு வந்தால் பிரெட்னிசோலோனைத் தேர்வதற்கும் இதுதான் காரணம். தாய்க்கு மருந்து கிடைக்கும், பிள்ளைக்குத் தேவையில்லாமல் போகாது. ஆகவே கர்ப்பிணிகள் இழுப்பு மருந்தைப் பயந்து நிறுத்த வேண்டாம், வைத்தியரைக் கேளுங்கள்.

வேண்டாத இடமும் உண்டு

கொரோனாக் காலத்தில், 2020 ஜூனில், பிரித்தானியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வந்தது. நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் கொடுத்தபோது, இயந்திரத்தில் சுவாசித்தவர்களிடையே மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் மட்டும் வாங்கியவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று, அளவும் ஒன்று. ஆள் நின்ற கட்டம் மட்டும் வேறு.

நமக்கு நெருக்கமான உதாரணம் டெங்கு. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. கொழும்பிலிருந்து காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும். ஸ்டீரோயிட் கொடுத்தால் குறைந்துபோன இரத்தத் தட்டுகள் ஏறுமா என்று பேராதனையில் பேராசிரியர் குலரத்னவும் குழுவினரும் டெக்சாமெதசோன் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை என்று 2009இல் எழுதினார்கள். ஆகவே காய்ச்சலுக்கு மூத்தவனின் பொட்டலத்தைத் திறக்க வேண்டாம். அது காய்ச்சலை மறைத்து, நோயைக் கண்டுபிடிப்பதையும் தாமதமாக்கும்.

கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் பேசும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். காசு இல்லையென்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். வெள்ளவத்தையிலிருந்து களுபோவில ஆஸ்பத்திரியும் பக்கம். பிள்ளைகளுக்குப் பொரளையில் லேடி ரிஜ்வே வைத்தியசாலை. எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரி, இலவசம். எங்கே போனாலும் இவற்றைக் கவனியுங்கள்.

மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "காலையில் ரெண்டு வெள்ளைக் குளிசை" என்று தோட்ட டிஸ்பென்சரியில் வந்து சொன்னால் யாருக்கும் விளங்காது. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி வழிநடத்திய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்லாமல் அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று பாடுபட்டார். விலை குறைவதோடு இன்னொரு நன்மையும் அதில் உண்டு. இரண்டு பக்கட்டில் இரண்டு கம்பனிப் பெயர் இருந்தாலும் உள்ளே ஒரே மருந்துதான் என்று தெரிந்தால், இரண்டு மடங்கு போட்டுக்கொள்ள மாட்டோம்.

எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு ஏறக்குறையச் சமமாக ஹைட்ரோகோர்ட்டிசோன் 20 மில்லிகிராம் வேண்டும். மெத்தில் பிரெட்னிசோலோன் 4 போதும். டெக்சாமெதசோன் 0.75 போதும். 0.5 என்று எழுதிய டெக்சாமெதசோன் குளிசை பார்வைக்குச் சின்ன எண், வேலையில் மூன்று மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு மேல்.

வேலையை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்புவதானால், கிளினிக்கை நுவரெலியா, பதுளை, கண்டி, டிக்கோயா என்று வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் கடிதம் கேளுங்கள். கையில் இருக்கும் குளிசை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். பாட்டிக்கு நாங்கள் சொன்ன ஆபத்து, குளிசை தீர்ந்து துண்டு கிடைக்காமல் நிற்கும் வாலிபருக்கும் உண்டு.

மனதில் பதிக்க வேண்டியவை

1. அளவைத் தீர்மானிப்பவை நோய், அதன் கடுமை, நிறை, நாட்கள், மற்ற வருத்தங்கள், மற்ற மருந்துகள். ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்கு ஆகாது.
2. குளிசையைப் பெரும்பாலும் காலையில் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்வார்கள். உடம்பின் சொந்தச் சுரப்பும் காலையில்தான்.
3. மூன்று வாரத்துக்கு மேல் போட்டவர் தானாக நிறுத்தக் கூடாது.
4. சுகமானதும் மிச்சத்தை எடுத்து வைக்க வேண்டாம். எழுதிய நாட்களைப் போட்டு முடியுங்கள்.
5. காய்ச்சல், வாந்தி, ஒப்பரேஷன், பல் பிடுங்குதல், பிரசவம், எதற்குப் போனாலும் இந்தக் குளிசை போடுவதைச் சொல்லுங்கள்.
6. கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டும் அடையாள அட்டை மாதிரி. எப்போதும் பையில் இருக்கட்டும்.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

15 கிலோச் சின்னவனுக்கு ஆறு, 50 கிலோப் பாட்டிக்கு ஒன்று, ஏன்? கங்காணி பேர் கூப்பிடாவிட்டால் பதிந்த தொழிலாளிக்கு என்ன ஆகும்? உங்கள் வீட்டில் யாரிடமாவது பெயர் எழுதாத குளிசைப் பொட்டலம் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு "இருக்கு" என்றால் வீச வேண்டாம், போடவும் வேண்டாம். நாளைக்கே தோட்ட டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த பண்டிகைக்குப் பிள்ளை வரும்போது, "எங்க தம்பி, ஓந் துண்டக் காட்டு" என்று கேட்டுப் பழகுங்கள்.